வாய்க்கால் வற்றினால் பெயரும் வற்றும்

தாவரங்களின் வட்டாரப் பெயர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது பேசத் தொடங்கினால், உடனே ஓர் அகராதிக்கோ இணையத் தரவுத்தளத்துக்கோ திட்டம் போடுகிறோம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது, செடியைப் படம் எடுப்பது, தாவரவியல் பெயரோடு சேர்த்து அச்சிடுவது. இவ்வளவும் முடிந்துவிட்டால் பெயர் பிழைத்துவிட்டது என்று நம்புகிறோம். அந்த வேலை தேவையானது, அதில் மறுப்பில்லை. ஆனால் அது போதாது. ஒரு செடியின் பெயரை உயிரோடு வைத்திருப்பது அந்தச் செடியைச் சுற்றி அன்றாடம் நடக்கும் வேலை. நடுகிறவர், களையெடுக்கிறவர், பறிக்கிறவர், சமைக்கிறவர் ஆகியோருக்குள் அந்தப் பெயர் பேச்சாகப் புழங்க வேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய நிலமும் நீரும் உரிமையும் கைவிட்டுப் போன பிறகு, எவ்வளவு சிறந்த அகராதியும் இறந்தவர்களின் பட்டியலாகவே இருக்கும். இதைத் தீவுகளில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே இடம் குறுகியது. முன்பே இருந்தது எது, தோணியில் வந்தது எது, கப்பலில் வந்தது எது என்ற கணக்கு பெரும்பாலும் தெரியும். இழப்பு ஒரு தலைமுறைக்குள்ளேயே கண்ணில் படும். ஹவாய்த் தீவுகளின் கதையை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கதையில் நம் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எந்தக் கண்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலின் நடுவில் எரிமலைகள் எழுப்பிய தீவுகள் அவை. அங்கே இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உலகில் வேறெங்கும் கிடையாது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தெற்குத் தீவுகளிலிருந்து இரட்டைத் தோணிகளில் வந்திறங்கிய பொலினீசியர்கள், வரும்போதே இரண்டு டஜன் அளவுக்குப் பயிர்களையும் மரங்களையும் கொண்டுவந்தார்கள். அவற்றில் பல நமக்கு வீட்டுப் பழக்கமானவை. தென்னைக்கு அங்கே நியு என்று பெயர். கரும்பு கோ, மஞ்சள் ஓலேனா, நுணா நோனி, புன்னை கமானி, சேப்பங்கிழங்கு கலோ. கொண்டுவந்த செடிகள் தங்கள் பழைய பெயர்களோடு வந்தன. சமோவாவிலும் டோங்காவிலும் தென்னை நியுதான். சேம்பு அங்கே டாலோ, நியூசிலாந்தின் மாவோரிகளிடம் டாரோ. ஆனால் அதுவரை பார்த்திராத காடு முழுவதற்கும் புதிதாகப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. அதை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. தோணியில் கொண்டுவந்த ஜம்பு மரத்துக்கு ஓஹியா ஐ என்று பெயர். எரிமலைச் சரிவுகளில் குஞ்சம் குஞ்சமாகச் சிவந்து பூத்து நின்ற உள்ளூர் மரத்துக்கு ஓஹியா லெஹுவா என்று பெயரிட்டார்கள். ஒன்றின் பழம் உண்ணக்கூடியது, மற்றது உலர்ந்த விதைக்கூடுதான் தரும். ஆனாலும் மகரந்தத் தாள்கள் குஞ்சமாய் நீட்டிக்கொண்டிருக்கும் பூவைப் பார்த்து இரண்டும் உறவு என்று முடிவு செய்திருக்கிறார்கள். இன்றைய தாவரவியலும் இரண்டையும் நாவல் மரத்தின் குடும்பத்தில்தான் வைக்கிறது.

நௌபாக்கா என்ற செடி இன்னும் நல்ல சான்று. அதன் பூவைப் பார்த்தால் பாதியைக் கிழித்தெடுத்துவிட்டது போலிருக்கும். ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாகச் சரிந்து விசிறி போல விரிந்திருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். காதலர் இருவர் பிரிக்கப்பட்டு, ஒருவர் கடற்கரையிலும் மற்றவர் மலையிலும் செடியாகி, ஆளுக்குப் பாதிப் பூவாகப் பூக்கிறார்கள் என்று கதை. கரையில் வளர்வது நௌபாக்கா கஹகாய், மலையில் வளர்வது நௌபாக்கா குவாஹிவி. முதற்சொல் இனம், இரண்டாம் சொல் வகை. தாவரவியலாளர் லின்னேயஸின் இருசொற் பெயர்முறை அந்தத் தீவுகளை எட்டுவதற்கு முன்பே அங்கே அதே அமைப்பில் பெயர்கள் வழங்கியிருக்கின்றன. தாவரவியல் இவை அனைத்தையும் ஸ்கேவோலா என்ற ஒரே பேரினத்தில்தான் சேர்க்கிறது. கடற்கரை நௌபாக்கா நம் தென்கடற்கரை மணலிலும் வளர்கிற செடிதான். மரபணு ஆய்வுகளின்படி கரைச் செடியும் மலைச் செடிகளும் ஹவாய்க்குத் தனித்தனிக் காலங்களில் வந்தவை. கதை சொல்வதுபோல ஒரே இடத்தில் பிறந்து பிரிந்தவை அல்ல. அப்படியென்றால் கதை பொய்த்துப் போய்விட்டதா? கதை மரபணு வரலாறு சொல்லப் புறப்பட்டதில்லை. ஈரமலையின் புதரையும் உப்புக்காற்றின் புதரையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்படி அது குழந்தைகளின் கண்ணைப் பழக்கியது. பூவின் ஒரே ஓர் அடையாளத்தைக் கொண்டு இனத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அந்தக் கதைக்குள் இருக்கிறது.

இந்தப் பெயர் மரபின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் சேம்பு வயலுக்குத்தான் போக வேண்டும். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, வரப்பு கட்டி, தண்ணீர் தேங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்படி அமைத்த அந்த வயலுக்கு லோயி என்று பெயர். கிழங்கை வேகவைத்து, கல் உலக்கையால் இடித்துக் குழைத்தால் கிடைக்கும் போயிதான் அம்மக்களின் அன்னம். நடுவதற்காக வெட்டியெடுக்கும் தலைத்துண்டு ஹுலி. தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் கன்று ஓஹா. குடும்பம் என்று பொருள்படும் ஓஹானா அந்த ஓஹாவிலிருந்து வந்தது. காம்பு வந்து இலையில் சேரும் புள்ளி பிக்கோ, அதாவது தொப்புள். வாகேயா என்ற வானத் தந்தைக்கு முதலில் பிறந்த குழந்தை உயிரின்றிப் பிறந்தது, அதைப் புதைத்த இடத்தில் முளைத்ததே கலோ, அடுத்துப் பிறந்த குழந்தையே மனிதகுலத்தின் முன்னோன் என்கிறது தொன்மக்கதை. இருவருக்கும் ஹாலோவா என்றே பெயர். ஆகவே சேம்பு மனிதனுக்கு அண்ணன். போயிக் கலயத்தின் மூடி திறந்திருக்கும்போது வீட்டில் யாரும் சண்டையிடக் கூடாது என்ற வழக்கம் இதையொட்டி வந்தது. தமிழருக்கு இந்த உறவுமுறை அந்நியமில்லை. நற்றிணையின் 172ஆம் பாடலில், தான் விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்து வளர்ந்த புன்னையைத் தாய் உடன்பிறந்தவள் என்று சொல்லியிருப்பதால், அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச ஒருத்தி நாணுகிறாள். தோணியில் ஹவாய் சென்ற கமானி இதே புன்னைதான்.

உறவுமுறையோடு நின்றிருந்தால் அதை அழகான நம்பிக்கை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் கலோவின் வகைப்பெயர்களைக் கவனித்தால் அது துல்லியமான உழவறிவு என்பது புரியும். காம்பில் நீளவாக்கில் கோடுகள் ஓடும் வகைகளுக்கு, உடலில் கறுப்புப் பட்டைகள் கொண்ட மனினி மீனின் பெயர். சிவந்த காம்புள்ள வகைக்குக் கூமு என்ற செந்நிற மீனின் பெயர். இலை கிண்ணமாகக் குழிந்து மழைநீரை ஏந்தி நிற்பது அப்புவாய். இலையின் பிளவு தொப்புள்வரை வெட்டிக்கொண்டு போயிருந்தால் அது பிக்கோ வகை. கிழங்கு ஒன்றாக நிற்காமல் கிளை கிளையாகப் பிரிந்தால் மானா வகை. வயல் வரப்பில் நின்றபடியே, கிழங்கைத் தோண்டாமல், காம்பின் நிறத்தையும் இலையின் மடிப்பையும் கொண்டு இது எந்தப் போயிக்கு, எந்த மண்ணுக்கு, எத்தனை மாதத்துக்கு என்று சொல்லக்கூடிய அறிவு இது. ஹவாய் வேளாண்மை ஆய்வு நிலையம் 1939இல் வெளியிட்ட அறிக்கை 84 வகைகளைத் தனித்தனியாக விவரித்தது. அடுத்த ஆண்டு மானிடவியலாளர் ஹாண்டி வெளியிட்ட நூலில் வகைப்பெயர்கள் சில நூறு வருகின்றன. குமுலிப்போ என்ற படைப்புப் பாடல், கடலில் பிறக்கும் ஒவ்வொரு பாசிக்கும் நிலத்தில் ஒரு செடியைக் காவலாக நிறுத்துகிறது. அதில் மனவேயா என்ற கடற்பாசிக்குக் காவல் அதே பெயருடைய ஒரு சேம்பு. மலைக்காட்டிலிருந்து பவளப்பாறை வரை ஒரே நீரோட்டத்தின் உறுப்புகள் என்ற எண்ணம் அந்த இணைகளில் பதிந்திருக்கிறது.

இவ்வளவு செறிந்த மரபு எப்படிச் சுருங்கியது? முதல் அடி மக்கள்மீது விழுந்தது. 1778இல் கேப்டன் குக் வந்தபின் பரவிய நோய்களால் சில லட்சங்களாக இருந்த தீவுமக்கள், 1890 கணக்கெடுப்பின்போது கலப்பினரையும் சேர்த்துச் சுமார் 40000 பேராகக் குறைந்திருந்தார்கள். இரண்டாவது அடி மொழிமீது. 1893இல் அரசி லிலியுவோகலானி பதவியிறக்கப்பட்டார். 1896ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. வீட்டு மொழியைப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் மொழி பேசும் சிறுவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்ற நிலை வந்தது. வழக்கமாக இந்த இரண்டையும் சொல்லிவிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். மூன்றாவது அடியைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1870களிலிருந்து கரும்புத் தோட்டங்கள் ஈரமான பக்கத்து ஓடைகளை மறித்து, சுரங்கமும் கால்வாயும் வெட்டி, தண்ணீரை வறண்ட சமவெளிக்குத் திருப்பின. மாவி தீவின் கிழக்கில் பல ஓடைகள் அப்படிப் போயின. ஓவாஹு தீவில் வையாஹோலே கால்வாய் 1916இல் முடிந்தது. ஓடை வறண்டதும் லோயி தரிசானது. குளிர்ந்த நீர் ஓடாத வயலில் கிழங்கு அழுகும். வயலை விட்டவர் துறைமுகத்துக்கும் தோட்டக்கூலிக்கும் போனார். அவருடைய மகனுக்கு மனினிக்கும் கூமுவுக்கும் வேறுபாடு தெரிய வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பல்லாயிரம் ஏக்கரில் விளைந்த பயிர் இன்று சில நூறு ஏக்கரில் நிற்கிறது.

எழுதி வைக்காததால் இந்தப் பெயர்கள் போயின என்று யாரும் சொல்ல முடியாது. ஹவாய் மக்களைப் போல எழுதித் தள்ளிய சிறு சமூகம் அபூர்வம். 1834இல் முதல் ஹவாய் மொழிச் செய்தித்தாள் வந்தது. 1948இல் கடைசி இதழ் நிற்கும்வரை நூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் சுமார் 125000 பக்கங்களை அச்சிட்டன. அவற்றில் செடிகொடிகளும் மருந்துகளும் பயிர்க் குறிப்புகளும் புராணங்களும் நிறைய. 1957இல் மேரி கவேனா புக்குயியும் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்த அகராதி எந்த மொழிக்கும் பெருமை சேர்க்கக்கூடியது. 1983இல் புக்குயி தொகுத்த பழமொழித் திரட்டில் 2942 பழமொழிகள் உள்ளன. எல்லாம் அச்சில் இருந்தும் வகைகள் வயலிலிருந்து மறைந்துகொண்டே வந்தன. காகிதத்தில் பெயர் இருந்தது, அந்தப் பெயரைக் கொண்டு செடியை அடையாளம் காட்டக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். மறுபக்கம், எங்கெல்லாம் ஓடைநீர் திரும்பியதோ அங்கெல்லாம் பெயரும் திரும்புகிறது. வையாஹோலே வழக்கில் 2000இல் ஹவாய் உச்ச நீதிமன்றம், தண்ணீர் பொதுமக்களுக்காக அரசு காத்துவைக்க வேண்டிய பொறுப்புச் சொத்து என்று தீர்ப்பளித்தது. மாவியில் கடைசிக் கரும்பு அறுவடை 2016இல் முடிந்தது. 2018இல் நீர்வள ஆணையம் கிழக்கு மாவியில் சேம்பு பயிரிடும் பல ஓடைகளுக்கு முழு நீரோட்டத்தையும் திருப்பித் தர உத்தரவிட்டது. பல ஆண்டுகள் வழக்காடிய உழவர் குடும்பங்கள் கேட்டது தண்ணீரைத்தான். தண்ணீர் வந்தால் மற்றவற்றைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது அறிவியலாளர்களிடமிருந்து வருகிறது. வட்டாரப் பெயர் குழப்பம் தரும், ஒரே செடிக்குப் பத்துப் பெயர், பத்துச் செடிக்கு ஒரே பெயர் என்கிறார்கள். உண்மைதான். சேம்பு வகைப் பட்டியல்களில் இருக்கும் பெயர்களில் கணிசமானவை ஒரே வகைக்கு வெவ்வேறு தீவுகளில் வழங்கியவை. ஆனால் கொலகேசியா எஸ்குலென்டா என்ற ஒற்றை அறிவியல் பெயர் இந்த எல்லா வகைகளையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. உலகெங்கும் ஒரே இனத்தைச் சுட்ட அந்தப் பெயர் வேண்டும். இந்த வயலில் எதை நடுவது என்று முடிவெடுக்க அதனால் ஒரு பயனும் இல்லை. வகைகளை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு சமோவாவில் பாடம் இருக்கிறது. 1993இல் அங்கே சேம்பு இலைக்கருகல் நோய் நுழைந்தபோது, ஏற்றுமதிச் சந்தைக்காக நாடு முழுவதும் நியூவே என்ற ஒரே வகையே பெருமளவில் பயிராகியிருந்தது. நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பயிர் ஓராண்டுக்குள் ஏறக்குறைய இல்லாமலே போனது. பிறகு பலாவ் போன்ற பிற தீவுகளின் வகைகளோடு இனக்கலப்பு செய்துதான் நோய்தாங்கும் சேம்பை உருவாக்க முடிந்தது. அந்தப் பிற வகைகளை யாரோ ஒரு தீவில், தனிப்பெயர் சொல்லி, தனியே நட்டுக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் அது நடந்தது. பெயர் தனியாக இருந்தால்தான் நாற்றைத் தனியாக எடுத்துவைப்பார்கள்.

இரண்டாவது மறுப்பு பகுத்தறிவின் பக்கமிருந்து வருகிறது. பெயரோடு கதையும் வரும், கதையோடு மூடநம்பிக்கையும் போலி மருத்துவமும் வரும் என்ற அச்சம் நியாயமானது. நோனிச் சாறு உலகச் சந்தையில் சர்வரோக நிவாரணியாக விற்கப்பட்டதை நாமும் பார்த்தோம். ஒரு செடிக்கு மருந்துப் பெயர் இருப்பதாலேயே அது நோயைத் தீர்க்கும் என்று யாரும் சொல்லக் கூடாது. அதைச் சோதித்துத்தான் ஏற்க வேண்டும். அதே அளவுகோலை எதிர்ப்பக்கமும் பயன்படுத்த வேண்டும். லெஹுவாப் பூவைப் பறித்தால் மழை பெய்யும் என்பார்கள் ஹவாயில். எரிமலைத் தேவி பெலே தன்னை மறுத்த ஓஹியா என்ற இளைஞனை மரமாக்கினாள், அவன் காதலி லெஹுவா அதில் பூவானாள், பறித்தால் பிரிவாற்றாமல் வானம் அழும் என்று கதை. மலையேறும்போது பறிக்கக் கூடாது, இறங்கும்போது, அதுவும் அனுமதி கேட்டு, தேவைக்கு மட்டும் எடுக்கலாம் என்பது நடைமுறை. மழை பெய்யாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2014இல் இந்த மரங்கள் திடீரெனப் பட்டுப்போவதற்குப் பூஞ்சைதான் காரணம் என்று கண்டறியப்பட்டபோது, மரத்தின் காயங்கள் வழியாகவே அது நுழைகிறது என்றும் தெரிந்தது. மரத்தைக் காயப்படுத்தாதீர்கள், கிளைகளை இடம் மாற்றாதீர்கள் என்று அரசு வேண்டுகோள் விடுத்தபோது, ஹூலா நடனம் ஆடுவோர் பலர் தங்கள் மாலைகளில் லெஹுவாவைத் தவிர்த்தார்கள். பறிப்பதற்கு வரம்பு உண்டு என்ற வழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. கதை நோயை முன்கூட்டிச் சொன்னது என்று நான் வாதிடவில்லை. வரம்புக்குப் பழகிய ஒரு சமூகத்திடம் புதிய வரம்பைக் கேட்பது எளிது என்கிறேன். மரங்கள் பட்டுப்போகக் காரணமான இரண்டு பூஞ்சைகளுக்கும் 2018இல் அறிவியல் பெயர் சூட்டியபோது, லுக்குஓஹியா, ஹுலிஓஹியா என்று ஹவாய்ச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது மறுப்பு மிகக் கடுமையானது. அது அந்தச் சமூகங்களுக்குள்ளிருந்தே எழுகிறது. எழுதி வைத்தால் திருடுவார்கள் என்கிறார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகம், மாவி லெஹுவா என்ற வகையோடு பலாவ் நாட்டுச் சேம்பு ஒன்றைக் கலந்து உருவாக்கிய மூன்று புதிய வகைகளுக்கு 2002இல் காப்புரிமை பெற்றது. இலைக்கருகலைத் தாங்கும் பயிரை உருவாக்குவதே ஆய்வின் நோக்கம், அதில் தவறு காண முடியாது. ஆனால் நடவு செய்ய விரும்பும் உழவர் உரிமத்தொகை கட்ட வேண்டும் என்ற நிலை வந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. அண்ணனுக்குச் சொந்தம் கொண்டாட எவருக்கும் உரிமை இல்லை என்பது ஒரு வாதம். பல நூற்றாண்டுகள் எம் முன்னோர் தேர்ந்தெடுத்து வளர்த்த வகையின்மேல் ஒட்டிய வேலைக்கு நாங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. 2006இல் பல்கலைக்கழகம் மூன்று காப்புரிமைகளையும் கைவிட்டது. இதிலிருந்து எதையுமே பதிவு செய்யக் கூடாது என்று முடிவெடுப்பது தவறு. இந்தியாவின் அனுபவம் வேறு. காயத்துக்கு மஞ்சள் தூள் என்ற நம் வீட்டு வைத்தியத்துக்கு 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை 1997இல் ரத்து செய்ய வைத்தது எழுத்துச் சான்றுகள்தான். மரபறிவு மின்நூலகம் 2001இல் தொடங்கியதும் அதனால்தான். ஆனால் எதைப் பொதுவில் வைப்பது, எதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் உரிமை பெயரைச் சொன்னவர்களிடமே இருக்க வேண்டும். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் இந்த ஒப்பந்தத்தை முதலிலேயே எழுத்தில் செய்துகொள்வதே நேர்மை.

மாறிவரும் காலத்தில் இதெல்லாம் பழைய வாழ்வின் ஏக்கம், பிள்ளைகளுக்கு வேண்டியது வேலைவாய்ப்பு என்போருக்கு ஹவாயின் கடந்த நாற்பது ஆண்டுகளே பதில். 1978இல் அரசமைப்பு ஹவாய் மொழியை ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கியது. 1984இல் கவாய் தீவில் முதல் மழலையர் பள்ளி அந்த மொழியிலேயே தொடங்கியது. 1987இல் அரசுப் பள்ளிகளிலும் பயிற்றுமொழியானது. இன்று அம்மொழியைப் பேசுகிறவர்கள் பல ஆயிரம். இந்தப் பள்ளிகளில் பல, பிள்ளைகளைச் சேற்றில் இறக்கி லோயியில் நடவு செய்ய வைக்கின்றன. தாவரப் பெயர் அறிவியலுக்கும் தொழிலுக்கும் தடை என்பதும் தவறு. அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஹவாய்ப் பழங்குடிப் பெண் இசபெல்லா ஆபட். 1950இல் அந்தப் பட்டம் பெற்றவர். சிறுமியாக இருந்தபோது தாயிடம் லிமு என்னும் கடற்பாசிகளின் பெயர்களைக் கற்றதிலிருந்துதான் அவருடைய பாசி ஆராய்ச்சி தொடங்கியது. பசிபிக் கடற்பாசிகளில் உலகம் ஏற்ற வல்லுநரானார். தாயின் வாயிலிருந்து வந்த பெயரையும் ஆய்வகத்தின் பெயரையும் அவர் ஒரே பக்கத்தில் எழுதினார்.

அந்தக் கடற்பாசி என்னை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுவருகிறது. பாம்பன் தீவிலும் மண்டபம் கரையிலும் இருக்கும் மீனவப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அகர் எடுக்க உதவுவது மரிக்கொழுந்துப் பாசி, அல்ஜினேட்டுக்குப் போவது கட்டக்கோரை, கஞ்சி காய்ச்ச ஏற்றது கஞ்சிப்பாசி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்கள், எந்தப் பாறையில் எது வளரும், வேரோடு பிடுங்காமல் எப்படி எடுப்பது என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு சேர்ந்த அறிவு. வெளியிலிருந்து கொண்டுவந்து 2000ஆம் ஆண்டை ஒட்டி வணிகமாக வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற பாசிக்கு அவர்கள் வைத்த பெயர் பெப்சிப் பாசி. அப்படி வளர்க்கச் செய்த நிறுவனத்தின் பெயரே அதற்கு அடையாளமாகிவிட்டது. எது நம் கடலுடையது, எது வந்தது என்பதை அந்த ஒரு பெயர் மறக்கவிடாது. 2008இல் மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகளின்மேல் அதே பாசி படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதே இனத்தைச் சேர்ந்த பாசியை 1970களில் சோதனைக்காக ஓவாஹுவின் கனேஓஹே வளைகுடாவில் விட்ட ஹவாய், அது பவளத்தை மூடிப் படர்ந்ததால் உறிஞ்சு குழாய் பொருத்திய படகுகளைக் கொண்டு அதை அகற்ற வேண்டியதாயிற்று.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாகின. பவளத்தைக் காக்க அந்தப் பாதுகாப்பு அவசியம். ஆனால் அதே விதிகள் தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்களை அத்துமீறுபவர்களாக்கின. அவர்கள் கடலில் இறங்குவது நின்றால், மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் அடுத்த தலைமுறையில் அருங்காட்சியகச் சீட்டுகளில்தான் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே பயிற்சி தருவோர் வரிசையில் இந்தப் பெண்களும் ஊதியத்தோடு அமர வேண்டும். பெயர், பாறை, நிலா நாள், எடுக்கும் அளவு ஆகியவற்றை அவர்கள் சொல்ல, அவர்களுடைய ஒப்புதலோடு பதிவு செய்ய வேண்டும். எந்தத் தீவை ஒட்டி, எந்தப் பாசியை, எந்த மாதங்களில் எடுக்கலாம் என்ற விதியை வனத்துறை அவர்களோடு உட்கார்ந்து வகுக்க வேண்டும். விதியை மீறுகிறவர்களை முதலில் தடுக்கப்போவதும் அங்கே தினமும் மூழ்குகிறவர்கள்தான். பூங்காவின் கட்டடங்கள் முடிவதற்கு முன்பே இந்தப் பேச்சைத் தொடங்கிவிடலாம்.